டிக்கெட் எடுத்துப் பயந்தவர்

படம் முடிந்து வெளியே வந்தால் வாசலிலேயே மைக்கோடு நிற்கிறார்கள். நான்கைந்து பையன்கள், ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு செல்போன். இப்போதெல்லாம் மதுரையில் முதல் வாரத்தில் எந்தப் படத்துக்குப் போனாலும் இவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுக்க முடியும். நமக்கு ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கிறதா, பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருக்கிறதா என்பதெல்லாம் அவர்களுக்கு ஒரு விஷயமே இல்லை.

"ப்ரோ, படம் எப்படி ப்ரோ?"

"செம ப்ரோ. நைன்டீஸ் ஃபீல் அள்ளுது. பேய்தான் பயமே இல்ல."

"அக்கா, நீங்க பயந்தீங்களா?"

"பயமா? நான் சிரிச்சுக்கிட்டே இருந்தேன்."

சொன்ன பெண் எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தவள். அரைமணி நேரத்துக்கு முன்னால் இரண்டு காலையும் சீட்டுக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு "ஆத்தாடி" என்று அலறியதை நான் என் கண்ணால் பார்த்தேன். அவள் பாப்கார்ன் என் மடியில்தான் விழுந்தது. இப்போது மைக்கைப் பார்த்ததும் சிரித்தாளாம்.

படம் தொண்ணூறுகளில் நடக்கிற கதை. பிளஸ் டூ படிக்கிற ஐந்து பேர், பள்ளிக்கூட லேபில் ஒரு பழைய டேப் ரெக்கார்டரைக் கண்டெடுக்கிறார்கள். அதிலிருக்கிற கேசட்டைப் பின்னோக்கிச் சுற்றினால் செத்துப்போன ஒரு மாணவியின் குரல் கேட்கிறது. கேட்டவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். கேசட்டில் பென்சிலைவிட்டுச் சுற்றுகிற காட்சி வந்ததும் என் வயதுக்காரர்கள் விசிலடித்தார்கள். மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத்துக்கும் விசில். கதாநாயகியின் மடித்துக் கட்டிய ரெட்டைச் சடைக்கும் கனகாம்பரத்துக்கும் இளவட்டங்கள் சிரித்தார்கள். எங்களுக்குக் கண் கலங்கிய இடத்தில் அவர்களுக்குச் சிரிப்பு, அவர்கள் அலறிய இடத்தில் எங்களுக்குக் கொட்டாவி. அப்படி ஒரு கூட்டம்.

எங்களைக் கூட்டிக்கொண்டு போனது மகள் ஜெனி. "உங்க காலத்துப் படம்ப்பா, வாங்க, அம்மாவுக்கும் ஒரு மாறுதலா இருக்கும்" என்று சனிக்கிழமை மேட்னிக்கு மூன்று டிக்கெட் போட்டுவிட்டாள். அந்த மாறுதல் எதற்கு என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். என் மனைவி ரோஸ்லினுக்கு மார்பில் ஒரு கட்டி. வியாழக்கிழமை ஊசி வைத்துச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ரிப்போர்ட். பத்து நாளாக எங்கள் வீட்டில் பேசிய ஒரே வசனம் "ஒண்ணும் இருக்காது" என்பதுதான். காபி ஆற்றும்போது நான் சொல்வேன். துணி மடிக்கும்போது அவள் சொல்வாள். காலேஜுக்குக் கிளம்பும்போது ஜெனி செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போவாள். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சொல்லிக்கொண்டிருந்தோம்.

"அங்கிள், நீங்க அந்தக் காலத்து ஆளு. நீங்க சொல்லுங்க. பயந்தீங்களா, இல்லையா?"

மைக் என் மூக்குக்குக் கீழே வந்து நின்றது. "ச்சே, இதுக்கெல்லாமா" என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து அவர் நினைவுக்கு வந்தார்.

அவரைப் பார்த்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. பெயரை எழுதப்போவதில்லை. எங்கேயாவது நன்றாக இருப்பார், பேரன் பேத்தி யாராவது இதைப் படித்துவிட்டு அவரைக் கேலி செய்ய வேண்டாம். கேலி செய்தாலும் அவர் கவலைப்பட மாட்டார் என்பது வேறு விஷயம். எனக்கு அவர் "அண்ணே". அது போதும்.

ஆறடி ஆள். தேங்காய் நாரை முறுக்கிவிட்டது மாதிரி மீசை. கப்பலூரில், தகர டப்பாக்களுக்கு மூடி அடிக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டினார். நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அங்கே பழகுநராகச் சேர்ந்தேன். என் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நானும் வாத்தியாராவேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கணக்கில் நான் வாங்கிய மார்க்கைப் பார்த்த பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். அந்தக் கோபத்தில் நான் பெரிய வீராதி வீரன் மாதிரி திரிந்துகொண்டிருந்த வயசு. பத்தொன்பது. எதற்கும் பயமில்லை என்று காட்டுவதுதான் முழுநேர வேலை.

முதல் நாள் டீ நேரத்தில் அண்ணன் ஷெட்டின் நடுவில் நின்றுகொண்டு, "பேய்ப் படம் ஒண்ணு வந்திருக்குப்பா. ஞாயித்துக்கிழம மேட்னி. யாரு வாரீங்க?" என்று கேட்டார். ஷெட்டே சிரித்தது. எல்லாரும் கையைத் தூக்கினார்கள்.

"எதுக்கு மாப்ள எல்லாரும் சிரிக்கிறாங்க?" என்று பக்கத்திலிருந்தவனைக் கேட்டேன்.

"வந்து பாரு. நாங்கல்லாம் படத்தப் பாக்கவா போறோம்? அண்ணனப் பாக்கப் போறோம்" என்றான்.

பார்த்தேன். விளக்கு அணைந்ததுமே அந்த ஆறடி ஆள் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் சீட்டுக்கு மேல் ஏற்றிச் சம்மணம் போட்டுக்கொண்டார். படத்தில் கதாநாயகி கதவைத் திறக்கப் போகிறாள், இசை சட்டென்று நிற்கிறது, தியேட்டரே மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறது. அண்ணன் தன் இடது கையை எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்த சீட்டுக் கைப்பிடி மேல் வைத்தார். உள்ளங்கை மேலே பார்த்தபடி.

"கையக் கொஞ்சம் குடு தம்பி. இடைவேளையில திருப்பித் தந்துர்றேன்."

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. ஆம்பளைக்கு ஆம்பளை கையைப் பிடித்துக்கொண்டு பேய்ப்படம் பார்ப்பதா? "சும்மா இருங்கண்ணே" என்று கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் ஒன்றும் கோபிக்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பி, முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடம் அதே வார்த்தையைச் சொன்னார். அவர் என்ன நினைத்தாரோ, கொடுத்துவிட்டார்.

கதவு திறந்தது. அண்ணன் அலறினார்.

அதை எப்படி எழுதுவது? முதலில் ஒரு நீண்ட மூச்சை உள்ளே இழுப்பார். பிறகு "ஐய்ய்யோ ஆத்தா" என்று ஒரு சத்தம் வரும். அந்த உடம்பிலிருந்தா இந்தச் சத்தம் என்றிருக்கும். தரை டிக்கெட்டில் இருப்பவர்கள் திரையை விட்டுவிட்டுத் திரும்பி எங்களைப் பார்ப்பார்கள். நான் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதேதான். நாலைந்து படத்துக்குப் பிறகு அது பழக்கமாகிவிட்டது. அவர் மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டதுமே, அலறல் வருவதற்கு முன்னாலேயே, என் கைகள் தானாகக் காதுக்குப் போய்விடும். திரையில் என்ன நடக்கிறதென்று நான் பார்க்கக்கூட வேண்டாம்.

கை கொடுத்தவருக்கு இடைவேளையில் முறுக்கு வாங்கித் தருவது அவர் வைத்திருந்த முறை. "கைய வச்சுக்கிட்டதுக்கு மன்னிச்சுக்கங்கண்ணே, இந்தாங்க" என்று தருவார். சில பேர் வாங்கிக்கொண்டு வேறு சீட்டுக்குப் போய்விடுவார்கள். முக்கால்வாசிப் பேர் போகமாட்டார்கள்.

ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரு போலீஸ்காரர். காக்கி போடாமல் வந்திருந்தார். முடிவெட்டைப் பார்த்ததுமே எங்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது, அண்ணனுக்குத் தெரியவில்லை. போய்க் கையைக் கேட்டார்.

"யோவ், யாருய்யா நீ? தண்ணியப் போட்டிருக்கியா?"

"சத்தியமா இல்லண்ணே. பயமா இருக்குண்ணே. அம்புட்டுதான்."

போலீஸ்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். மீசையைப் பார்த்தார். படத்தில் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு கை மேலே வந்தது. பிறகு யார் யார் கையைப் பிடித்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. இடைவேளை விளக்கு போட்டதும் அண்ணன் கையை உருவப் பார்த்தார், அவர் விடவில்லை.

"இருக்கட்டும்யா. இன்னும் பாதிப் படம் கெடக்குல்ல" என்றார்.

அன்றைக்கு முறுக்கு வாங்கித் தந்தது போலீஸ்காரர். ஷெட்டில் ஒரு மாதம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். டிக்கெட் கிழிக்கிறவர்கூட அண்ணனைப் பார்த்தால் எழுந்து நிற்பார். "நீங்க வந்தா படம் ரெண்டு நாள் சேத்து ஓடுதுண்ணே" என்பார்.

எனக்கு மட்டும் அவர்மேல் ஒரு எரிச்சல் இருந்தது. வெளியில் சிரித்தாலும் உள்ளுக்குள் ஒரே எரிச்சல். இவ்வளவு பெரிய ஆள், மீசை வேறு, இப்படியா மானத்தை வாங்குவது? ஒரு நாள் திருமங்கலம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும்போது கேட்டேவிட்டேன்.

"ஏண்ணே, பேய் இருக்குன்னு நெசமாவே நம்புறீங்களா?"

"பேயி இருக்கா இல்லையான்னு எனக்கென்ன தெரியும்? பயம் இருக்குல்ல தம்பி. அது எனக்கு நல்லாத் தெரியும்."

"அதுக்காக ஊரக் கூட்டி அலறணுமா? வெக்கமா இல்ல?"

அவர் கம்பியை மாற்றிப் பிடித்தார். பிறகு சொன்னார்.

"எங்கய்யா கொட்டாம்பட்டிப் பக்கம் அடுத்தவன் காட்டுல வேல பாத்தாரு. காலம் பூரா பயம். காட்டுக்காரருக்குப் பயம், அவரு மகனுக்குப் பயம், அவரு வீட்டு நாய்க்குப் பயம். ஆனா ஒரு நா, ஒரே ஒரு நா, பயமா இருக்குன்னு வாய்விட்டுச் சொல்ல விட்டதில்ல அவர. ராத்திரி வந்து செவத்தப் பாத்துப் படுத்துக்கிருவாரு. அந்த முதுகத்தான் பாத்திருக்கேன் நானு. அவரு பூரா பயத்தையும் ஓசியிலேயே பயந்துட்டுப் போயிட்டாரு. நான் டிக்கெட் எடுத்துப் பயப்படுறேன். எவன் கேப்பான் என்னைய?"

பஸ் நின்றது, இறங்கினோம். அதற்குப் பிறகும் நான் கை கொடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வயசு அப்படி.

கம்பெனியில் இதை வைத்து அவரைப் படாத பாடு படுத்தினார்கள். பின்னால் போய் "பே" என்று கத்துவார்கள். அவரும் ஒவ்வொரு தடவையும் துள்ளிக் குதித்துவிட்டு, "கொன்னுட்டீங்களேடா" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு சிரிப்பார். ஆனால் மூன்றாம் நம்பர் பிரஸ்ஸைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் சிரிக்க மாட்டார்.

பவர் பிரஸ் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தகரத்தைக் கையால் உள்ளே வைக்க வேண்டும். காலால் பெடலை மிதித்தால் மேலிருந்து இரும்பு ஒரே ஒரு அடி அடித்து மேலே போய் நின்றுவிடும். மூடி விழும். எடுத்துவிட்டு அடுத்த தகரம். மிதித்தால் ஒரு அடிதான். அந்த நம்பிக்கையில்தான் கை உள்ளே போகிறது. மூன்றாம் நம்பர் எப்போதாவது, பத்து நாளைக்கு ஒரு தடவை, மிதிக்காமலே இரண்டாவது அடி அடித்தது.

"எனக்கு இந்த மிஷினப் பாத்தா பயமா இருக்கு சார். ரிப்பேர் பாக்குற வரைக்கும் நான் ஓட்டல" என்று அண்ணன் சூப்பர்வைசரிடம் சொன்னார். எல்லாரும் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

சூப்பர்வைசர் சத்தமாகச் சிரித்தார். "பேய்க்குப் பயப்படுறவன் மிஷினுக்கும் பயப்படுறான்டோய்" என்றார். ஷெட் சிரித்தது. நானும் சிரித்தேன். அதோடு விட்டேனா, வீரனல்லவா, "நான் ஓட்டுறேன் சார்" என்று போய் உட்கார்ந்தேன்.

அன்று மத்தியானம் எல்லாரும் சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார்கள். ஆர்டர் அவசரம் என்று நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் சாப்பிடப் போகவில்லை. என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "போய்ச் சாப்பிடுங்கண்ணே, கண்ணு போட்டுக்கிட்டு நிக்காதீங்க" என்று விரட்டினேன். அவர் மேலே அந்த இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடித்தது, நின்றது. மூடியை எடுக்க இரண்டு கையையும் உள்ளே விட்டேன்.

பக்கத்தில் ஒரு மூச்சு உள்ளே இழுபடுகிற சத்தம் கேட்டது.

நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் இந்தக் கதையை எழுத எனக்கு விரல் இருந்திருக்காது. தியேட்டரில் பழகிய பழக்கம், என் இரண்டு கையும் தானாகக் காதுக்குப் போய்விட்டன. "ஐய்ய்யோ ஆத்தா" என்று அண்ணன் அலறினார். வெளியே வேப்பமரத்தடியில் எல்லாரும் வழக்கம்போலச் சிரித்தார்கள். பொத்திய காதுக்குள் இரும்பு இரண்டாவது தடவை இறங்குகிற சத்தம் கேட்டது. மூடி இருந்த இடத்தில் மூடி நசுங்கிக் கிடந்தது. என் கை இருந்த இடம் அது.

அண்ணன் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார். பிறகு வந்து என்னை எழுப்பி வெளியே டீக்கடை பெஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போனார். என் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளங்கை மேலே பார்த்தபடி கையை நீட்டினார்.

"கையக் குடு தம்பி."

கொடுத்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கொடுத்தேன். அவர் பிடித்துக்கொள்ளவில்லை, எண்ணினார். கட்டை விரலிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டு, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. அடுத்த கை. பத்தும் சரியாக இருந்தது. நம்பிக்கை வராமல் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். அவர் கண்ணீர் என் கையில் விழுந்தது.

"பயந்துட்டேன் தம்பி" என்றார். "படத்துல பயந்ததெல்லாம் ஒண்ணுமே இல்ல. இன்னைக்குத்தான் பயந்தேன்."

நானும் அழுதேன். டீக்கடைக்காரர் கேட்காமலே இரண்டு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கிட்டுப் போய் நின்றுகொண்டார்.

மூன்றாம் நம்பரை மறுநாளே ரிப்பேருக்கு அனுப்பினார்கள். யாரும் அவரிடம் போய் "நீ சொன்னது சரிதானப்பா" என்று சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு ஷெட்டில் பின்னால் போய் "பே" என்று கத்துவது நின்றுவிட்டது. அது அவருக்குத்தான் ஒரு மாதிரியாக இருந்தது. "என்னப்பா, ஒருத்தனும் என்னையப் பயமுறுத்த மாட்டேங்குறீங்க" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

என் கல்யாணத்துக்கு வந்திருந்தார். மாதா கோயிலில் பூசை தொடங்குவதற்கு முன்னால் எல்லாரும் என்னைச் சுற்றி நின்று கிண்டலடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து காதோடு கேட்டார்.

"தம்பி, பயமா இருக்கா?"

"அதெல்லாம் இல்லண்ணே."

"பொய் சொல்லாத. வேர்த்து ஊத்துது. பயமா இருந்தா அந்தப் பிள்ளகிட்டச் சொல்லிரு. அதுக்கும் இருக்கும். ரெண்டு பேரும் சொல்லிட்டீங்கன்னா பாதியாப் போயிரும்."

இதைச் சொல்லும்போது ரோஸ்லின் எனக்குப் பின்னாலேயே வெள்ளைச் சேலையில் வந்து நின்றிருக்கிறாள். காதில் வாங்கிவிட்டாள். அன்று ராத்திரி என்னிடம் முதலில் கேட்டதே, "யாருங்க அந்த மீசக்காரரு? நல்ல மனுசனா இருக்காரு" என்பதுதான்.

ஒரே ஒரு தடவை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு பேய்ப்படத்துக்குப் போனோம். நான் நடுவில், ரோஸ்லின் ஒரு பக்கம், அண்ணன் இன்னொரு பக்கம். இசை நின்றதும் அவர் கை, வழக்கம்போலக் கைப்பிடி மேல் வந்து மல்லாந்தது. என்னிடம் கேட்கவில்லை. அந்தப் பக்கத்துச் சீட்டு காலி. புது மனைவி பார்க்கிறாளே என்ற கூச்சத்தில் நான் பார்க்காத மாதிரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரஸ்ஸிலிருந்து காப்பாற்றிய மனுஷனுக்கு, டீக்கடையில் கொடுத்த கையை, தியேட்டரில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கை அப்படியே கிடந்தது. பிறகு மெதுவாகத் தன் இன்னொரு கையால் அதைத் தானே பிடித்துக்கொண்டார். வழக்கம்போல அலறினார், நான் காதைப் பொத்தினேன், ரோஸ்லின் சிரித்தாள். வீட்டுக்கு வந்த பிறகு, "நீங்க கையக் குடுத்திருக்கலாம். பாவம்" என்று மட்டும் சொன்னாள்.

அதற்கப்புறம் அவர் மச்சினனோடு சேர்ந்து தொழில் பார்க்கிறேன் என்று திருப்பூர்ப் பக்கம் போனார். பெரியார் பஸ் நிலையத்தில் வழியனுப்பப் போனேன். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக, "புது ஊரு. பயமாத்தான் இருக்கு தம்பி" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கொஞ்ச நாள் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. அப்புறம் நானும் தேடவில்லை. இதற்கு நான் சொல்ல ஒரு சமாதானமும் கிடையாது.

"அங்கிள்? பயந்தீங்களா அங்கிள்?"

மைக் இன்னும் மூக்குக்குக் கீழேயே இருந்தது. இன்றைக்கும் தியேட்டரில் இசை நின்றபோது என் இரண்டு கையும் காதுக்குப் போய்விட்டன. பக்கத்தில் மூச்சை இழுக்க யாருமில்லை. ரோஸ்லின் அதைப் பார்த்துவிட்டு, "இன்னும் விடலையா இந்தப் பழக்கம்?" என்று சிரித்தாள். பத்து நாளில் அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

"பயந்தேன் தம்பி" என்றேன்.

பையனுக்குச் சந்தோஷம். காலையிலிருந்து அவனுக்குக் கிடைத்த முதல் ஆள் நான்தான் போலிருக்கிறது. "சூப்பர் அங்கிள்! எந்த சீன்ல?"

"படத்துலன்னு இல்ல. எனக்குத் திங்கக்கிழமைய நெனச்சாத்தான் பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு."

பையன் விழித்தான். செல்போன் பிடித்துக்கொண்டிருந்தவனைப் பார்த்தான். "ஓகே அங்கிள், தேங்க்ஸ் அங்கிள்" என்று மைக்கை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் ஓடினான். அந்த ஆளும் பயமே இல்லை என்றுதான் சொன்னார்.

திரும்பிப் பார்த்தால் ரோஸ்லின் என் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். இவள் எப்போதுமே என் பின்னால் நின்று கேட்டுவிடுகிறவள். என்னோடு பார்க்கிங் வரைக்கும் நடந்தாள். வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் கேட்டாள்.

"என்ன சொன்னீங்க அந்தப் பையன்கிட்ட?"

"பயமா இருக்குன்னு சொன்னேன்."

"பத்து நாளா ஒண்ணும் இருக்காது ஒண்ணும் இருக்காதுன்னு எங்கிட்டச் சொன்னீங்க. ஊரு பேரு தெரியாத பையன்கிட்டப் போயி இதச் சொல்றீங்க."

"நீயும்தான ரோஸி சொன்ன, ஒண்ணும் இருக்காதுன்னு."

"நீங்க சொன்னீங்க, அதனால நானும் சொன்னேன்." அவள் குரல் உடைந்துவிட்டது. "எனக்கு எம்புட்டுப் பயமா இருக்கு தெரியுமா? குளிக்கிறப்போ தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுகுறேங்க. நீங்க தைரியமா இருக்கீங்களே, நாம அழுது கெடுக்க வேணாமேன்னு..."

"எனக்கும் பயமா இருக்கும்மா" என்று ஜெனி ஹெல்மெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தேம்பினாள். இருபத்தோரு வயசுப் பெண். அவ்வளவு நேரம் அவளை நான் பார்க்கவே இல்லை.

மூன்று பேரும் பார்க்கிங்கில் இரண்டு ஸ்கூட்டருக்கு நடுவில் நின்று ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதோம். வாட்ச்மேன் விசில் ஊதிக்கொண்டு வந்தவர் எங்களைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "படம் அம்புட்டுச் சோகமா சார்?" என்றார். அழுகைக்கு நடுவில் ரோஸ்லின்தான் முதலில் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து, கறிக்குழம்பு வைத்து, மூன்று பேரும் பயந்தோம். சும்மா சொல்லவில்லை. உட்கார்ந்து பேசிப் பேசிப் பயந்தோம். ரிப்போர்ட் நல்லபடியாக வந்தால் என்ன, வராவிட்டால் எந்த ஆஸ்பத்திரி, முடி கொட்டுமா, ஜெனி பரீட்சை என்னாகும், எல்லாம் பேசினோம். பாதியாகக் குறைந்ததா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் பத்து நாளில் ரோஸ்லின் மறுசோறு போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை பத்தடிக்கப் பத்து நிமிடம். ஆஸ்பத்திரியில் டாக்டர் அறைக்கு வெளியே ஒன்றோடொன்று சேர்த்துப் பற்றவைத்த இரும்பு நாற்காலிகள். நடுவில் கைப்பிடி. எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் உள்ளே போனார், வந்தார். அடுத்தவர் போனார். கதவு சாத்தியது. வராந்தாவில் ஒரு சத்தமில்லை.

ரோஸ்லின் தன் கையைக் கைப்பிடி மேல் வைத்தாள். உள்ளங்கை மேலே பார்த்தபடி.

"கையக் கொஞ்சம் குடுங்க" என்றாள். "உள்ள கூப்பிடுறப்போ திருப்பித் தந்துர்றேன்."

எதிரே முழு வரிசையும் ஆட்கள் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொடுத்தேன். அவள் கை சில்லென்று இருந்தது. என் கையும் அப்படித்தான் இருந்திருக்கும்.

கதவு திறந்தது. நர்ஸ் அவள் பெயரைக் கூப்பிட்டாள். அவள் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. அப்படியே எழுந்து உள்ளே போனோம்.